முருகம்மாள் பெயரில் ஒரு இறால்

"சார், பீரோ சாவியைக் குடுங்க. அந்தக் கல்லை நான் கையில எடுத்துப் பார்க்கணும்."

ஆய்வுக்குச் சேர்ந்த முதல் நாளே சீனியர் சபிஹா அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள்: "சார்கிட்ட என்ன வேணா கேளு முனீஸு. பீரோ சாவிய மட்டும் கேட்டுறாத."

பேராசிரியர் அழகுமலை கண்ணாடியைக் கழற்றினார். "போட்டோ இருக்குல்ல?"

"போட்டோவைத் தட்டிப் பார்க்க முடியாது சார்."

பீரோவில் இருப்பது குஜராத்தின் கட்ச்சில் கிடைத்த சிங்கி இறால். ஜுராசிக் காலத்தில் கல்லாகிப் போனது. முதுகோட்டில் சின்னத் திமில். அந்தத் திமிலைக் காட்டித்தான் இருபது வருடம் முன்பு சார் அதைப் புது இனம் என்று அறிவித்து, தன் தாய் முருகம்மாளின் பெயரை வைத்தார். அதே பாறையில் கிடைத்த மற்ற ஒன்பது கற்களையும் அளந்துவிட்டேன். எல்லாம் ஏற்கெனவே தெரிந்த பழைய இனம். திமிலை விட்டால் இதுவும் அதேதான். என் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் அதைத்தான் சொல்கிறது. அதை ஏற்றால் முருகம்மாள் பெயர் போய்விடும்; வழிகாட்டியான அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

என்ன நினைத்தாரோ, சாவியை மேசையில் தள்ளினார்.

கல்லை எடுத்து நகத்தால் தட்டினேன். ஓடு டிக்கென்றது. திமில் தொப்பென்றது. அவனியாபுரத்தில் அப்பாவின் டிங்கரிங் பட்டறையில், நசுங்கிய காரின் பள்ளத்தை அடைக்கப் பட்டிப் பசை பூசிய இடம் இப்படித்தான் சத்தம் போடும்.

"பட்டி பார்த்திருக்கீங்க சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ரயில்ல வர்றப்ப உடைஞ்சிருச்சு. ஒட்டுனப்ப மேடாயிருச்சு."

"மேடான பெறகு பேர் வச்சீங்க."

"எங்காத்தா கைநாட்டும்மா. இம்புட்டுப் படிக்க வச்சா. அவ பேரை அடிச்சிட்டுத்தான் நீ டாக்டராகணுமா?"

"எங்கப்பாவும் கைநாட்டுதான். பட்டி பூசுன வண்டிய நல்ல வண்டின்னு ஒருநாளும் சொன்னதில்ல. நீங்க உங்காத்தா பேரைப் பட்டி மேல எழுதி வச்சிருக்கீங்க."

அவர் முகம் சுருங்கியது. பேனாவைத் திறந்தார். "அஞ்சாவது அத்தியாயத்த எடுத்துரு. இப்பவே கையெழுத்துப் போடுறேன். உங்க வீட்லயே மொதப் படிப்பு நீ. யோசிச்சுக்க."

பட்டறையின் பெயர் 'முனீஸ்வரி டிங்கரிங் ஒர்க்ஸ்'. போர்டில் என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' எழுத அப்பா இடம் விட்டு வைத்திருக்கிறார். ஐந்து வருடமாக அந்த இடம் காலி.

கல்லைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை அவர் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அத்தியாயம் அப்படியே இருக்கும் சார். பட்டியைப் பத்தி ரெண்டு பக்கம் கூடும்."

"கையெழுத்து?"

"அது உங்க இஷ்டம்."

ஆய்வேட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன்.