ஸ்கர்ட்டுக்குப் பின்னால்

அலுவலகத்தில் அவளுக்கு ம்யூட் என்று பெயர். வைத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவள் சேர்ந்து ஆறு வருடமாகியும் அவள் குரல் எப்படி இருக்கும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அவளுக்குத் தண்ணீரோடுதான் ஒத்துப்போயிற்று. குடுவையில் இருக்கும் தண்ணீரை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது திருப்பிப் பார்ப்பதில்லை.

யாராவது தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவளுக்கு மறந்துபோகும். பஸ்ஸில் கடைசி இருக்கை. விசேஷ வீடுகளில் தூண் ஓரம். குடும்பப் புகைப்படங்களில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி நெற்றி தெரியும், அதுதான் அவள்.

அப்பேர்ப்பட்டவளின் கணவர் ஒரு திங்கட்கிழமை காலையில் ஸ்கர்ட் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பி நின்றார்.

கருநீலம். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் இறக்கம். இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட்.

"என்னங்க இது?"

"ஸ்கர்ட்."

"அது தெரியுது."

"தெரிஞ்சா அப்புறம் ஏன் கேக்கற? டாக்டர்தான் தொடையில காத்துப் படணும்னாரே. அக்காகிட்ட சொன்னேன், ராத்திரியே தச்சுக் குடுத்துட்டா."

அக்கா என்றால் அவருடைய அக்கா. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். வெயில் காலம் வந்தால் அவருக்குத் தொடை முழுக்க வேர்க்குரு. பேண்ட் போட்டால் உரசிப் புண்ணாகிப் பற்றி எரியும். இதெல்லாம் அவளுக்கும் தெரியும்தான். ஆனாலும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"புண் ஆறுற வரைக்கும்தானே?"

"பின்னே?"

புண் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஸ்கர்ட் கழன்றபாடில்லை. அதற்குள் சாம்பலில் ஒன்று, பழுப்பில் கட்டம் போட்டதாக ஒன்று என்று கொடியில் வரிசையாகக் காய ஆரம்பித்தன.

"ஆறிடுச்சேங்க."

"ஆறினது ஆறினபடியே இருக்கட்டும்னுதான்."

அவர் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். புதுக் கண்ணாடி மாட்டிக்கொள்பவர்கள் முதலில் பார்ப்பது எதிரே நிற்கும் அவரைத்தான். மேலிருந்து கீழே வரும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுவார்கள். "பவர்ல ஏதோ கோளாறு போல" என்பார்கள். "இல்லீங்க, சரியாத்தான் தெரியுது, ஸ்கர்ட்தான்" என்பார் அவர். அதற்குப் பிறகு அரை மணி நேரம் காற்றோட்டத்தைப் பற்றிப் பேச்சு நடக்கும்.

அவளுக்குத்தான் உயிர் போயிற்று. வெளியே போனால் பத்தடி பின்னால் நடந்தாள். யாரோ எவரோ என்பதுபோல் சுவரொட்டிகளைப் படித்துக்கொண்டே வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் கூட்டம் நெருக்கித் தள்ளியதில் அவர் பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டாள். அப்போதுதான் அதைக் கண்டுபிடித்தாள்.

எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவளை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

காய்கறிக்காரர் கண்ணை அவர் ஸ்கர்ட்டில் வைத்தபடியே அவள் பையில் தக்காளியைக் கொட்டினார். மாடிவீட்டு அத்தை எதிரே வந்தாள். மூன்று வருடமாக எங்கே கண்டாலும் இவள் வயிற்றைப் பார்த்து "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்பவள். அன்றைக்கு இவளை ஏறெடுத்தும் பார்க்காமல் கணவரிடம் கேட்டாள்: "ஏன் தம்பி, உள்ள நாடாவா, எலாஸ்டிக்கா?"

"எலாஸ்டிக்தான் அத்தை. சாப்பிட்டா விட்டுக்குடுக்கும்."

அத்தை யோசனையோடு போய்விட்டாள். இவளுக்குத் தலையில் இருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அன்று முதல் அவரோடு ஒட்டிக்கொண்டே நடந்தாள். அவர் சோம்பலாக இருந்தால்கூட அவளே சாம்பல் ஸ்கர்ட்டை இஸ்திரி போட்டு எடுத்து வைத்தாள். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் அடித்த காற்றில் அவர் பட்ட அவமானத்தைப் பார்த்துவிட்டு, திரைச்சீலையின் அடியில் வைப்பார்களே சின்னச் சின்ன ஈயக்குண்டு, அதை ஸ்கர்ட் விளிம்பிலும் வைத்துத் தைக்கச் சொல்லி நாத்தனாரிடம் யோசனை சொன்னவளும் அவள்தான்.

"உனக்கு இவ்வளவு பேச வருமா?" என்று நாத்தனார் வாயைப் பிளந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றார். அந்த இடம் அவளுக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: ஆண்டுக் கூட்டத்தில், ஊழியர்களும் குடும்பத்தாரும் நிறைந்த அரங்கில், மேடை ஏறி பிரிவின் அறிக்கையை வாசிக்க வேண்டும். வாசிக்க முடியாது என்றால் பதவி அடுத்தவருக்குப் போகும். மேனேஜர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பதவி அவளுக்கு வேண்டியிருந்தது. ஊரில் எந்தக் குழாய்த் தண்ணீர் எப்படிக் கெடும் என்று அவளுக்கு அத்துப்படி. மேடைதான் வேண்டியிருக்கவில்லை.

ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டுக் காலையில் கணவரிடம் சொன்னாள்: "நீங்களும் வரணும். முதல் வரிசையில உக்காரணும். புதுசா ஒண்ணு தச்சுக்கங்க. சிவப்பா."

"சிவப்பா? கொஞ்சம் கண்ணைக் குத்துமே."

"குத்தட்டும்."

அவருக்கு ஒரே பெருமை. மனைவி வாயைத் திறந்து ஒரு நிறம் கேட்டதே அதுதான் முதல் தடவை.

துணி வாங்கிக்கொண்டு போனபோது நாத்தனார் மூச்சு விட நேரமில்லாமல் தைத்துக்கொண்டிருந்தாள். "என்ன வேலையோ போ! எடுக்கிற இடுப்பு அளவெல்லாம் நாப்பதுக்கு மேலதான். நேத்து ஒரு பெரிய மனுஷன், ஈயக்குண்டே வேண்டாம்னுட்டார். மெல்லிசா, பறக்கிற மாதிரி வேணுமாம். பட்டாத்தான் தெரியும்."

தன் கவலையில் இருந்தவளுக்கு அது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

கூட்டத்தன்று அரங்கத்துக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கணக்குப் பிரிவில் நாலு பேர் ஸ்கர்ட்டில். டிரைவர் ஒருவர் பூப்போட்ட முழு கவுனில், பாக்கெட்டில் கைவிட்டபடி. எல்லோருக்கும் நாத்தனாரின் தையல். எல்லோர் மூக்கிலும் கணவரின் கடைக் கண்ணாடி.

"அட, நம்ம கஸ்டமர்ஸ்!" என்றார் சிவப்பு ஸ்கர்ட்காரர். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு ஸ்கர்ட், அவ்வளவுதான். எல்லோரும் பார்த்தது அவளை. "இவங்க வீட்லதான்பா ஆரம்பிச்சது" என்று ஒரு குரல் கிசுகிசுத்தது.

மேடையில் மேனேஜர். வெளிர் ஊதா, மெல்லிசான துணி, அசைந்தாலே அலை அடித்தது. இவளை அழைத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி, மைக்கைக் கையில் கொடுத்துவிட்டு, மேடையிலேயே ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அவர் நின்ற இடத்துக்கு நேர் பின்னால், தரையில், வாயை மேலே தூக்கி வைத்தபடி ஒரு ராட்சத மின்விசிறி. புழுக்கம் தாங்காமல் யாரோ கேட்டிருக்க வேண்டும். அரங்கத்துக்காரர் ஒயரை இழுத்துக்கொண்டு சுவர் ஸ்விட்சை நோக்கிப் போனார்.

மெல்லிசா, பறக்கிற மாதிரி. இப்போதுதான் மனதில் ஏறியது.

அவள் விஞ்ஞானம் படித்தவள். அடுத்த விநாடி என்ன ஆகும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இன்னொன்றிலும் சந்தேகமில்லை. அது மட்டும் நடந்துவிட்டால், இந்த அரங்கத்தில் ஒரு ஜீவன்கூட அவளைப் பார்க்காது. அறிக்கையை நிம்மதியாக வாசித்துவிட்டு இறங்கலாம். சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அரங்கத்துக்காரர் ஸ்விட்சில் விரலை வைத்தார். மேனேஜர் அவளைப் பார்த்து, பயப்படாதே என்பதுபோல் தலையசைத்தார்.

"ஸ்கர்ட்டைப் பிடிங்க சார்!"

மைக் கையில் இருந்ததை அவள் மறந்துவிட்டாள். குரல் ஒலிபெருக்கியில் இடித்து, சுவரில் முட்டித் திரும்பி வந்தது. மேனேஜர் முன்னும் பின்னும் இறுக்கிப் பிடித்தார். அவர் மட்டுமா? அரங்கத்தில் ஸ்கர்ட் போட்டிருந்த அத்தனை ஆண்களும் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் ஸ்கர்ட்டைப் பிடித்துக்கொண்டார்கள். கவுன் டிரைவர் எழுந்தே நின்றுவிட்டார். பிடிக்காமல் கைகட்டி உட்கார்ந்திருந்தவர் முதல் வரிசையில் ஒருவர் மட்டும்தான். அவருக்குத் தன் ஈயக்குண்டுகள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

விசிறி உறுமிக்கொண்டு கிளம்பியது. கைக்கு அடங்காத ஊதா நாலா பக்கமும் படபடத்தது.

"விடாதீங்க சார். அப்படியே பக்கவாட்டுல நடங்க. இன்னும் ரெண்டு அடி. ஆங், இப்ப விடலாம்."

மேனேஜர் நண்டு மாதிரி நடந்து கரை சேர்ந்தார். அரங்கம் சிரித்தது, கை தட்டியது. "யாருப்பா அது, ம்யூட்டா?" என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒரு குரல். எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் மைக், ஒரு கையில் அறிக்கை. கையை எங்கே வைப்பது என்ற கேள்வி எழவில்லை. கத்தியாகிவிட்டது, இனி வாசிப்பதற்கு என்ன?

வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒருமுறை தடுமாறினாள், தண்ணீர் குடித்தாள், "குடிக்கலாம், நம்ம பிரிவு சோதிச்ச தண்ணிதான்" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

வீடு திரும்பும்போது கணவர் ஸ்கர்ட்டின் மடிப்பை நீவிக்கொண்டே வந்தார். தெருமுனையில்தான் வாயைத் திறந்தார்.

"சிவப்புன்னு சொல்லி இஸ்திரியெல்லாம் போட்டு... ஒருத்தர் பார்க்கலையே."

"நாளைக்குப் பார்ப்பாங்க."

"எப்படி?"

"பேண்ட் போட்டுட்டுப் போங்க" என்றாள் அவள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.