அடுப்படியில் ஒரு காலியிடம்

மிக்ஸி புகை விட்டு உயிரை விட்டதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. பழசு, என்றைக்காவது போகவேண்டியதுதான். வருத்தமெல்லாம் அதைப் புருஷனிடம் சொல்லித் தொலைத்ததில்தான். சொன்ன நாளிலிருந்து இஞ்சி, மிளகு, தக்காளி எல்லாவற்றையும் கையால் இடித்து இடித்து, வலது மணிக்கட்டு வீங்கிப்போய்க் கரண்டி பிடிக்கவே மறுத்தது.

"வர்ற வழியில ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க" என்றுதான் சொல்லியிருந்தாள்.

அவர் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் அதிகாரி. ஆபீசில் தனக்கு 'நேர்காணல் புலி' என்று பெயர் என்பார். வைத்தது யார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

"நம்ம வீட்டுத் தேவை என்னன்னு பார்க்காம வாங்கிட்டு வர்றதா? அடுப்படியில ஒரு இடம் காலியா இருக்கு. முறைப்படி நிரப்புவோம்."

"தேவை அரைக்கிறதுங்க."

"அது வேலை. தேவைங்கிறது வேற."

வேறு என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் மூன்று மிக்ஸிகளோடு வந்து இறங்கினார். ஏதாவது ஒன்று விற்றால் போதும் என்றிருந்த மனுஷன். மூன்றையும் கூடத்து நாற்காலிகளில் தனித்தனியாக உட்கார வைத்தார் புலி.

"கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும். வந்ததும் கூப்பிட்டா நம்மளை மதிக்காது."

சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நேர்காணல் குழு கூடியது. நடுவில் புலி. மேலே டை, கீழே அரை டவுசர். கீழ்ப்பாதியை மேசை மறைத்துக்கொண்டது. பக்கத்தில் மாமியார். ஓரத்தில், மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு அவள்.

முதலாவது, ஏகப்பட்ட ஜாடிகளோடு வந்தது.

"இவ்வளவு தகுதி இருக்கிறவர் நம்ம வீட்ல நிலைப்பாரா? நல்ல இடம் கிடைச்சா கிளம்பிடுவார்."

"மிக்ஸி எங்கங்க கிளம்பும்?"

"போகாது சார்" என்றார் கடைக்காரர். "வயர் குட்டை."

இரண்டாவது சின்னது. "இன்னும் அஞ்சு வருஷத்துல தன்னை எங்க பார்க்கிறார்?"

"இதே சமையல் மேடையில சார். வாரண்டி முடிஞ்சப்புறம் உங்க கைராசி."

"லட்சியமே இல்ல" என்று புலி உதட்டைப் பிதுக்கினார்.

"முகம் கொடுத்தே பேசமாட்டேங்குதுடா" என்று எடுத்துக் கொடுத்தார் மாமியார்.

மூன்றாவது சிவப்பு. மாமியார் பார்த்ததுமே, "களையா இருக்கு. நல்ல இடத்துப் பொருள்" என்றார். அவள் சட்டென்று எழுந்து நாலு தக்காளியைப் போட்டு, பிளக்கைச் செருகி, சுவிட்சைத் திருப்பினாள். கண்மூடித் திறப்பதற்குள் விழுது.

"இதுவே போதுங்க."

"முன் அனுபவம்?" என்றார் புலி.

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். "புது மிக்ஸி சார். இப்பத்தான் பெட்டியைப் பிரிச்சேன்."

"அப்ப அனுபவமே கிடையாது! முன்பின் வேலை பார்க்காத ஆளை எப்படி வீட்டுக்குள்ள விடறது?"

விடுவிடுவென்று பின்கட்டுக்குப் போனவர், கருகிப்போன பழைய மிக்ஸியை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். "இந்த அடுப்படியில பழம் தின்னு கொட்டை போட்டவர்! இவர் இருக்க வெளியாள் எதுக்கு? மறுநியமனம். ஆலோசகர்!"

"அது ஓடாதுங்க!"

"ஓடணும்னு யார் சொன்னா? எங்க ஆபீஸ்ல ஆலோசகர்னு நாலு பேர் இருக்காங்க. ஒருத்தராவது ஓடி நீ பார்த்திருக்கியா?"

கடைக்காரர் பெருமூச்சு விட்டுச் சிவப்பின் பிளக்கைப் பிடுங்கினார். பெட்டிக்குள் அது பாதி இறங்கிவிட்டது. அவளுக்கு மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. அழுதால் புலி ஒரு நாள் விடுப்பு கொடுப்பார், கத்தினால் விளக்கம் கேட்பார். இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியாததா? அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், ஒரு சந்தேகம்."

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் சார் என்றதில்லை. புலி டையைச் சரிசெய்துகொண்டார். "கேளுங்க."

"இவ்வளவு பெரிய ஆலோசகருக்குக் கீழ ஒரு உதவியாள்கூட இல்லேன்னா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

புலிக்கு முகம் சுருங்கியது. "கேவலமாத்தான் இருக்கும். ஆனா உதவியாளுக்கும் அனுபவம்…"

"அனுபவம் இருந்தா ஆலோசகரையே எதிர்த்துப் பேசுமே சார்?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. கீழே அரை டவுசர் என்பதையும் மறந்து புலி எழுந்து நின்றார். "சிவப்பு! தற்காலிக உதவியாளர்!"

அவர் மனசு மாறுவதற்குள் கடைக்காரர் பில்லை மேசையில் வைத்துவிட்டு மற்ற இரண்டையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வாசல் தாண்டினார்.

புலி தொண்டையைச் செருமி, புதிய உதவியாளருக்கு இந்த வீட்டின் ஒழுங்குமுறை, பணிவு, மேலதிகாரியிடம் நடந்துகொள்ளும் விதம் பற்றி வரவேற்புரையைத் தொடங்கினார். அவள் சிவப்பின் பிளக்கை மறுபடி செருகி, ஜாடி நிறைய வெங்காயத்தைக் கொட்டி, குமிழைக் கடைசிவரை திருகினாள். புலியின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"என்னடா சொல்ற?" என்று காதில் கை வைத்துக் கத்தினார் மாமியார்.

வெங்காயம் எப்போதோ மசிந்துவிட்டது. மூடியின்மேல் இடது கையை ஊன்றிக்கொண்டு, அவள் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டேயிருந்தாள்.