தொண்ணூற்றைந்திடம் தோற்ற சுறா

கடப்பாக்கத்தில் பைத்தான் கணினிமொழிக்கு முதல்நிலை வகுப்பெடுக்கும் தீனதயாளனுக்கு மீன் வாடையே ஆகாது. கருவாட்டுக் கடையைக் கண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரை முறுக்குகிற மனிதர். அப்பேர்ப்பட்டவரின் மேசைமேல் நட்டநடுப் பகலில் நாலு பேர் ஒரு சுறாவைத் தொப்பென்று போட்டார்கள்.

"நூத்திப் பன்னெண்டு கிலோ சார்," என்றார் ஆபிரகாம். "உன் கம்ப்யூட்டரு இன்னாடான்னா ஜெரோமோட தொண்ணூத்தஞ்சு கிலோ திருக்கைதான் பெருசுன்னுது. நீயே பாத்து சொல்லு."

மாதா கோயில் திருவிழாவன்று ஆகப் பெரிய மீனைக் கொண்டுவரும் படகில்தான் மாதா கடலில் பவனி போவாள். போன வருஷம் முடிவு சொன்னவர் ஜெரோமின் மாமனார் என்று அடிதடி. அதனால் இந்த வருஷம், ஆபிரகாமின் மகள் ஜெஸ்ஸி வகுப்பில் எழுதிய புரோகிராமே சொல்லட்டும் என்று ஊர் ஒத்துக்கொண்டது. அது முதல் வேலையாக அப்பன் படகைக் கவிழ்த்துவிட்டது.

"எங்கப்பன் காலத்துலேர்ந்து மாதா எங்க படகுல கால் வெச்சதில்ல சார். சாயங்காலம் பவனி," என்றார் ஆபிரகாம்.

வாசலிலிருந்து ஜெரோம் எட்டிப் பார்த்தான். "இன்னா அண்ணாத்த, மீன பரீட்சைக்கு இட்டுகினு வந்தியா?"

ஜன்னலில்லாத அறை. சுறா வாடை மூத்திரச் சந்துபோலக் கண்ணைக் கரித்தது. சுவரிலிருந்த பல்லி வெளியேறியது. போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனதாக ஜெஸ்ஸி இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

கைக்குட்டைக்குள்ளிருந்து தீனதயாளன் ஜெஸ்ஸியைக் கேட்டார்: "டெஸ்ட் பண்ணியாம்மா?"

"பண்ணேன் சார். முப்பத்தெட்டு, அறுபத்திரண்டு, எல்லாம் சரியா வந்துச்சு. நீங்கதான் ஓகே சொன்னீங்க."

சொன்னார்தான். அந்தக் கரையில் அதுவரை யாரும் நூறு கிலோவைத் தாண்டிய மீனைப் பிடித்ததில்லை; மூன்று இலக்கம் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மேசை விளிம்பில் கொழகொழவென்று ஏதோ வழிந்து அவர் செருப்புக்குள் இறங்கியது. காலை உதறிவிட்டு ஒன்பதையும் நூற்றுப் பன்னிரண்டையும் தட்டினார். ஒன்பதுதான் பெரிது என்றது திரை.

"ஒம்போது கிலோவா? அது என் தூண்டில்ல மாட்டுற இரை சார்!" என்றார் ஆபிரகாம்.

அப்போதுதான் உறைத்தது. தட்டுகிற எடையைப் புரோகிராம் எண்ணாக எடுக்கவில்லை, எழுத்தாக எடுத்திருக்கிறது. பெயர்களை அகரவரிசையில் அடுக்குவதுபோல முதல் எழுத்து வேறானால் அதிலேயே முடிவு கட்டிவிடுகிறது. நூற்றுப் பன்னிரண்டில் முதலில் நிற்பது ஒன்று. ஒன்றுக்கு அப்புறம்தானே ஒன்பது! எழுத்தை எண்ணாக்கும் 'இன்ட்' பாடத்தை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியது அவரேதான். அதுவரை சுறாமேல் இருந்த அருவருப்பு மெல்ல அவர் பக்கம் திரும்பியது.

"ரெண்டு எடைக்கும் இன்ட் போடும்மா."

ஜெஸ்ஸி போட்டாள். திரையில் 'ஆபிரகாம்' என்று வந்தது.

"நைனா!" என்று கத்தினாள். நைனாவோ சுறாவைத் தூக்கிய அதே கையால் தீனதயாளனைக் கட்டிப்பிடித்தார். ஜெரோம் தன் படகுத் தோரணத்தை அவிழ்த்து ஆபிரகாம் தோளில் போட்டான். "போ அண்ணாத்த. கழுவிட்டு ஏத்து. மாதா மூக்கப் பொத்திக்கப் போறா."

பவனி அமோகமாக நடந்தது. திரும்பி வந்து பார்த்தால், தீனதயாளனின் ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஒரு முழ நீளத்துக்குச் சுறாத் துண்டு. "புட்டு செஞ்சு துண்ணு சார்!" என்று கரையிலிருந்து கத்தினார் ஆபிரகாம்.

அன்று இருட்டும் வேளையில், அவர் குடியிருக்கும் திருக்கழுக்குன்றத்தில், மலைக்கோயிலில் பொங்கல் வைத்துக் கூப்பிட்டும் எத்தனையோ வருஷமாக எட்டிப் பார்க்காத கழுகுகள் இரண்டும் வந்தன. மலைக்குப் போகவில்லை. ஸ்கூட்டரின் பின்னாலேயே, அவர் வீட்டு வாசல்வரை வந்தன.