எந்த நாற்பத்தொன்று?

ஜெயசுதாவின் லோடு ஆட்டோ அடிவாரத்துப் பட்டறைக்கு வந்தது இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் ஒரே கோளாறு, ஒரே பதில்.

மலைமேலுள்ள வளப்பூர் நாட்டிலிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு எழுபது வளைவும் இறங்குகிறவள் அவள். முப்பது வளைவு இறங்குவதற்குள் பிரேக் சூடேறி, காலடியில் பஞ்சு மாதிரி அமுங்கிவிடும். முந்தாநாளும் அப்படித்தான். கியரைக் குறைத்து, மண்மேட்டில் சாய்த்து வண்டியை நிறுத்தினாள். பக்கத்திலிருந்த புருசன் முத்தனுக்கு நெற்றி புடைத்துக்கொண்டது. பழமெல்லாம் பள்ளத்தில் உருண்டது. பதறாதீர்கள் கண்ணுகளா, இரண்டு பேரும் பிழைத்தார்கள். வண்டி மறுபக்கம் சாய்ந்திருந்தால் பழத்தோடு அவர்களும் போயிருப்பார்கள்.

பிரேக் ஆறியபின் முதல் கியரிலேயே ஊர்ந்து வந்து வண்டியைப் பட்டறையில் விட்டாள். இன்றைக்கு எடுத்துப்போக பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"ஏனுங்க, சக்கரத்தைக் கழட்டிப் பாத்தீங்களா?"

பட்டறைக்கார அர்த்தனாரி செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எல்லாம் கழட்டி மாட்டியாச்சு. வண்டி கல்லாட்டம் நிக்குது. ஓட்டத் தெரியோணும். மலைக்காரங்க காலைப் பிரேக்கு மேலயே வெச்சிருந்தா வண்டி என்ன பண்ணும்?"

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டாள். அவர் ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை.

ஜெயசுதா குனிந்து பார்த்தாள். சக்கரத்து நட்டுகளின் மேல் அவள் ஊர்ச் செம்மண் காய்ந்து அப்பியிருந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல். அவளுக்கு உச்சி வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

"ஏனுங்க, இந்த மண்ணையும் கழட்டி மாட்டுனீங்களா?"

"நீ சொன்ன கோளாறுக்கு ஓட்டிப் பாத்தாச்சு. படிச்சுப் பாரு," என்று ஒரு சீட்டை வீசினார்.

'41 வேகத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டிப் பார்த்தது. சரி.'

மலையில் ஒவ்வொரு வளைவுக்கும் அடிவாரத்திலிருந்து எண்ணிப் பலகையில் எண் உண்டு. மலைக்காரர்கள் ரோட்டில் இடம் சொல்வதே அந்த எண்ணில்தான். "நாப்பத்தொண்ணுல பிரேக் புடிக்கலீங்க" என்று அவளும் மூன்று தடவை சொன்னாள். இந்த மனிதர் அதை வேகம் என்று எழுதிக்கொண்டு, சமதள ரோட்டில் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எந்த நாற்பத்தொன்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலையடியில் பட்டறை வைத்துக்கொண்டு!

"அது வேகமில்லீங்க, வளைவு! லோடு ஏத்திக்கிட்டு அத்தனை வேகத்துல அங்க எவனாச்சும் இறங்குவானா?"

பெஞ்சில் சிரிப்பு நின்றது.

"அதை அப்பவே விளக்கமாச் சொல்லியிருக்கோணும்," என்றார் அர்த்தனாரி, செல்போனைப் பார்த்தபடியே.

ஜெயசுதா சாவியை எடுத்து அந்தச் செல்போன் மேலேயே வைத்தாள்.

"நான் பஸ்ஸுல மேல போறேனுங்க. நீங்க வண்டியை ஓட்டிக்கிட்டு வாங்க. லோடு ஏத்தித் தாரேன், நீங்களே இறக்குங்க. பக்கத்துல உங்க ஊட்டுக்காரம்மாவையும் உக்கார வெச்சுக்கோங்க."

அர்த்தனாரி சாவியைப் பார்த்தார். வாசலுக்கு அப்பால் நிமிர்ந்து நின்ற மலையைப் பார்த்தார். பிறகு எழுந்து ஸ்பேனரை எடுத்தார்.

சக்கரம் கழன்றதும் உள்ளே இருந்த பிரேக் கட்டை கரிந்து, ஓடு மாதிரி தேய்ந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மாத்தோணுமுங்க," என்றார் மெதுவாக.

"மாத்துங்க. அந்தச் சீட்டையும் மாத்தி எழுதுங்க."

பெஞ்சிலிருந்த இரண்டு பேரும் நகர்ந்து இடம் விட்டார்கள். ஜெயசுதா சக்கரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.