ஈரச்சட்டை வாத்தியார்

"கையை நீட்டுங்க. இன்னொரு தடவ தேய்க்கிறேன்."

வாத்தியார் கையை நீட்டினார். மனைவி பாத்திரம் துலக்கும் நாரைச் சோப்பில் தோய்த்து அவர் நகக்கண்ணில் வைத்துத் தேய்த்தாள். விரல்நுனி சிவந்துவிட்டது. நகத்துக்கு அடியில் இருந்த கறுப்பு மட்டும் போவேனா என்றது.

"வலிக்குதுடி."

"சாயங்காலம் அவங்க இந்தக் கையைப் பாத்தா எனக்கு இதைவிட வலிக்கும்."

மாலையில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். நல்ல இடம். பையனுக்கு நிரந்தர வேலை, அவன் அப்பா வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணின் அப்பா காலேஜில் பாடம் எடுக்கிறார் என்று வாத்தியார் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். பாடம் எடுப்பது உண்மைதான். காலேஜ் மட்டும் பொய். அவர் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பிளம்பிங் சொல்லித்தருகிறார்.

"சிங்க்குக்கு அடியில குழாய் சொட்டுது. கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துடறேன்," என்றார் அவர்.

"தேய்ச்ச கையை மறுபடியும் அதுக்குள்ள விடுவீங்களா? ஒரு நாள் சொட்டினா வீடு ஒண்ணும் முழுகிடாது." அவள் ஒரு பழைய பாத்திரத்தை எடுத்து அடியில் வைத்தாள்.

மகள் வாசல் நிலையில் சாய்ந்து நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, எந்தக் காலேஜ்னு என்கிட்ட கேட்டா என்ன சொல்றது?"

"உன்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா சிரி."

அந்த அம்மாளைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. பழைய வீட்டில் இருந்தபோது தெருவே அவளைக் 'குழாய்க்காரன் பொண்டாட்டி' என்றுதான் கூப்பிட்டது. விசேஷ வீடுகளில் எல்லாரும் உட்கார்ந்து பேசும்போது, "உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் வரச்சொல்லேன், பாத்ரூம்ல தண்ணி போகல" என்று அவளிடம் வந்து நிற்பார்கள். ஒருநாள் அவள் அழுதுகொண்டே, வேறு தெருவுக்குப் போனால்தான் சாப்பிடுவேன் என்றாள். வீடு மாறினார்கள். அன்று தொடங்கியது இந்த வெள்ளைச் சட்டை.

காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவர் தெருவில் இறங்குவார். நிலையத்தின் பெயர் பொறித்த நீலச் சட்டை பைக்குள் இருக்கும். அங்கே போய்க் கழிப்பறையில் மாற்றிக்கொள்வார், மாலையில் நிலையத்துக் கேட்டைத் தாண்டுமுன் கழற்றிவிடுவார். இரவில் மனைவி அதைத் துவைத்துக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் காயப்போடுவாள். வெளியே கொடி இருந்தது, வெயிலும் இருந்தது. ஆனால் கொடி தெருவைப் பார்த்து இருந்தது. அதனால் அந்தச் சட்டை ஒருநாளும் முழுசாகக் காய்ந்ததில்லை. மாணவர்கள் அவருக்கு 'ஈரச்சட்டை' என்று பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீரோடு புழங்கும் மனிதர், அப்படித்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. வந்திருந்தவர்களில் ஒருவன் தூங்கினான். இருவர் மேசைக்கடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சிக்காக வெட்டி வைத்த குழாய்கள் வைத்த இடத்திலேயே கிடந்தன.

"கையில தொழில் இருக்கிறவன் யார்கிட்டயும் கைகட்டி நிக்க வேண்டாம்," என்று ஆரம்பித்தார் வாத்தியார். ஒவ்வொரு ஆண்டும் சொல்வதுதான். "நீங்க கத்துக்கிற வேலை இல்லன்னா இந்த ஊர் நாறிப்போயிடும். டாக்டருக்கு முன்னாடி ஜனங்களோட உயிரைக் காப்பாத்துறவன் குழாய் போடுறவன். இந்தப் பாடத்தை நீங்களே மதிக்கலன்னா வேற யார் மதிப்பா?"

கடைசிப் பெஞ்சில், எல்லாரும் நெட்டை என்று கூப்பிடும் உயரமான பையன் உட்கார்ந்திருந்தான். அவனைவிட நன்றாக வேலை தெரிந்தவன் அந்த வகுப்பில் இல்லை. ஆனால் வாரத்தில் பாதி நாள் வரமாட்டான். வந்த நாளிலும் கட்டம் போட்ட சட்டைதான்.

"யூனிபார்ம் எங்கடா?"

"பையில இருக்கு சார்."

"பையில வெச்சுக்கவா குடுத்தாங்க? போட்டுட்டு ரோட்ல நடந்து வர என்ன வெக்கம்?"

நெட்டை மெதுவாக எழுந்தான். குரலில் கிண்டல் இல்லை. "நீங்களும் கேட் தாண்டுறதுக்குள்ள கழட்டிட்டுத்தானே சார் போறீங்க."

தூங்கியவன்கூட விழித்துக்கொண்டான். வாத்தியாருக்குக் காது சுட்டது. வாதாட ஒன்றும் கிடைக்காதவர் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

"வெளிய போடா."

நெட்டை பையை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவர் பாடம் நடத்தினார், பையன்களும் எழுதிக்கொண்டார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்பதை ஒருவன் எழுந்து நின்று சொல்லிவிட்டுப் போன பிறகு, அந்த அறையில் சொல்ல என்ன இருக்கிறது?

மாலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போனது. வாத்தியார் கைகளை மடியில் கோத்து மறைத்து உட்கார்ந்திருந்தார். மகள் தேநீர் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

அப்போது சமையலறையில் 'டப்' என்று ஒரு சத்தம். காலையில் சொட்டிக்கொண்டிருந்த இணைப்பு கழன்று, தண்ணீர் தரையில் பரவிக் கூடத்துக்கு வந்தது. மகள் ஓடிப்போய்ப் பின்பக்கம் இருந்த வால்வை மூடினாள். வாத்தியார் பாதி எழுந்துவிட்டார்.

"நீங்க உக்காருங்க," என்றாள் மனைவி, சிரித்த முகத்தோடு. "அதுக்குன்னு ஆள் இருக்காங்க."

தெருமுனை ஹார்டுவேர் கடைக்கு போன் போட்டாள். கடையிலிருந்து ஆள் பின்கதவு வழியாக வந்தான். கட்டம் போட்ட சட்டை. வாத்தியாரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றான். வாத்தியார் தரையைப் பார்த்தார். நெட்டைக்குப் புரிந்துவிட்டது. யாரோ ஒரு வீட்டுக்கு வந்த ஆள் மாதிரியே சமையலறைக்குப் போய்க் குனிந்து உட்கார்ந்தான்.

"தம்பி, சாமானையெல்லாம் தொடாம வேலையைப் பாரு," என்றாள் வாத்தியார் மனைவி. அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். கூடத்தில் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் இருந்தன. அவனுக்கு, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பிளாஸ்டிக் குவளையில் கொடுத்தாள். அதே வேலையைச் செய்து சம்பாதித்த ஒருவர்தான் அந்த வீட்டுக்கு அரிசி வாங்கிப்போடுகிறார் என்பது அந்த நேரத்தில் அவளுக்கே மறந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். கோப்பையோடு வந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டார். நெட்டை குழாய் முனையின் திருகு மரையைத் துணியால் ஈரம் போகத் துடைத்தான். மரை ஓடும் பக்கமே டேப்பைச் சுற்றினான். இறுக்கி, வால்வைத் திறக்கச் சொல்லிவிட்டு, இணைப்புக்கு அடியில் ஒரு செய்தித்தாள் துண்டை விரித்தான்.

"அது எதுக்குப்பா?"

"கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்துல தெரியும் சார்."

அந்தக் காகித வித்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாத்தியார் தாமே கண்டுபிடித்து வகுப்பில் சொன்னது. வாராவாரம் பாதி நாள் வராதவன் அதை மறக்காமல் வைத்திருக்கிறான்.

காகிதம் உலர்ந்தே இருந்தது.

"பிரமாதம். இவ்வளவு சுத்தமா செய்றியே, யார்கிட்ட படிச்ச?"

நெட்டை ஸ்பேனர்களைப் பையில் போட்டான். கூடத்துப் பக்கம் திரும்பவில்லை. "சொல்லிக்கிற மாதிரி யாரும் இல்ல சார்."

தம்மைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னானா, குத்திக்காட்டுவதற்காகச் சொன்னானா என்று வாத்தியாருக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. எழுந்து வந்தார்.

"என்கிட்டதான் படிச்சான்," என்றார்.

"உங்ககிட்டயா? நீங்க காலேஜ்லல்ல..."

"காலேஜ் இல்லைங்க. தொழிற்பயிற்சி நிலையம். நான் பிளம்பிங் வாத்தியார். அதுக்கு முன்னாடி பதினாறு வருஷம் இவன் செய்ற வேலையைத்தான் செஞ்சேன்."

கைகளை மறைக்காமல் நின்றார். மாப்பிள்ளையின் அம்மா அந்த நகங்களைப் பார்த்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தாள். அதற்குப் பிறகு யாரும் கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

செருப்பு மாட்டும்போது மாப்பிள்ளையின் அப்பா, பின்கதவு வழியாகச் சுற்றி வந்த நெட்டையைக் கைதட்டி அழைத்தார். "தம்பி, உன் நம்பரைக் குடு. எங்க வீட்டு பாத்ரூம்லயும் ஒரு ஒழுகல் இருக்கு. நல்ல ஆள் கிடைக்காமத் தவிக்கிறோம்."

அவர்கள் போனதும் நெட்டை தயங்கி நின்றான். "நாளைக்கு வகுப்புக்கு வா," என்றார் வாத்தியார்.

"யூனிபார்ம் போட்டுட்டு வரணுமா சார்?"

"நான் வீட்டுலேர்ந்தே போட்டுட்டு வரேன். நீ என்ன செய்யணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

மறுநாள் காலை மனைவி அவரோடு பேசவில்லை. வெள்ளைச் சட்டையை மட்டும் வழக்கம்போல நாற்காலியில் மடித்து வைத்திருந்தாள். அவர் அதைத் தொடாமல் குளியலறைக் கதவைத் திறந்து நீலச் சட்டையை எடுத்தார். அக்குள் பக்கம் இன்னும் ஈரம். அப்படியே போட்டுக்கொள்ளப் போனார்.

"குடுங்கப்பா." மகள் அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். நேரே வெளியே போய், தெருவைப் பார்த்த கொடியில், நிலையத்தின் பெயர் வெளியே தெரியும்படி விரித்துக் கிளிப் மாட்டினாள். எதிர்வீட்டு அம்மாள் கோலெடுத்துத் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"தெருவே பாக்குமேடி," என்றாள் அம்மா உள்ளே இருந்து. குரல் உடைந்திருந்தது.

"பாக்கட்டும்மா. வெயில் அங்கதான் வருது."

வாத்தியார் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அன்றுதான் அவர் வகுப்புக்குத் தாமதமாகப் போனார். சட்டை நன்றாகக் காய்ந்திருந்தது.