உக்கடம் முதல் கிணத்துக்கடவு வரை ஓடிய படம்

மோகன்குமார் எடுத்த ஒரே படம் ஐந்து நாள் ஓடியது. ஆறாம் நாள் காலையில் பைக்கில் போய்ப் பார்த்தான். தியேட்டர் சுவரில் அவன் பட போஸ்டர் மேலேயே வேறொரு படத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். வண்டியைத் திருப்பியவன், அதற்கப்புறம் ஆறு வருஷம் அந்தப் படத்தின் பெயரை வாயால் சொல்லவில்லை. பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினீயராகச் சேர்ந்தான். கல்யாணம் ஆனது. கம்பெனியில் யாருக்கும் அவன் படம் எடுத்த கதை தெரியாது.

உண்மையில் அது படமாவதற்கு முன்னால் நாலு நிமிஷ வேடிக்கையாகத்தான் இருந்தது. காலேஜ் காலத்தில் மோகனும், கூடப் படித்த சைத்ராவும், சொந்தமாக ஒரு கேமரா வைத்திருந்த ரசாக்கும் சேர்ந்து வாரத்துக்கு ஒரு சின்ன காமெடி எடுத்து யூடியூபில் போட்டு வந்தார்கள். அதில் ஊர் பிடித்துக்கொண்டது பூவாத்தாளை. ஐம்பத்தைந்து வயசு, மரியாதை முற்றிப்போன அம்மா. 'ங்க' போடாமல் அவளுக்குப் பேச வராது. 'இல்லை' என்ற வார்த்தை வாயிலேயே நுழையாது. திருடன் ஓட்டைப் பிரித்து இறங்கினால்கூட, "பார்த்து இறங்குங்க, பனி பேஞ்சு ஓடு வழுக்குமுங்க. காப்பி குடிக்கிறீங்களா?" என்பாள். இருபது வயசு சைத்ரா நரை விக்கு வைத்துக்கொண்டு அப்படி ஒரு பூவாத்தாளாக மாறுவாள். அவள் வீட்டு நாய்க்கே அடையாளம் தெரியாமல் ஒருநாள் குரைத்தது.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு தயாரிப்பாளர் வந்து, இதைப் படமாகவே எடுக்கலாம் என்றார். 'காப்பி குடிச்சுட்டுப் போங்க' என்று பெயர் வைத்தார்கள். பூவாத்தாள் வீட்டுக்கு நாலு திருடர்கள் வருகிறார்கள். அவள் அவர்களை விருந்தாளியாக்கி, பக்கத்து மண்டபத்துக் கல்யாணத்துக்கும் கூட்டிப்போய், பந்தி பரிமாற விட்டுவிடுகிறாள். விடியும்போது திருடர்கள் களைத்துப்போய் வெறுங்கையோடு தெருவில் நடக்கிறார்கள். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வருகிறாள் பூவாத்தாள்: "ஏனுங்க, கடப்பாரைய மறந்துட்டுப் போறீங்களே!" அதோடு படம் முடிய வேண்டும். மோகன் எழுதியது அப்படித்தான். எடுத்ததும் அப்படித்தான்.

தயாரிப்பாளருக்கு அது போதவில்லை. திருடர் தலைவன் பூவாத்தாள் சின்ன வயசில் தொலைத்த பையன் என்று ஆக்கச் சொன்னார். கூடவே ஒரு அழுகைப் பாட்டு. சைத்ரா, "முதல்ல படம் வெளிய வரட்டும் மோகா, உட்டுக்குடு" என்றாள். மோகன் விட்டுக்கொடுத்தான். ஆனால் படம் படுத்ததும் எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்து, "மூஞ்சிக்குப் பவுடர் போடறவளுக்கு எழுதறவனோட வலி எங்க தெரியும்?" என்று கேட்டுப்போட்டான். சைத்ரா பையை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டான்.

போன ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, பொள்ளாச்சியில் ஒரு டீலரைப் பார்க்க வேண்டியிருந்தது. கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் மோகன் உக்கடம் போய் எட்டுப் பத்து பஸ்ஸில் ஏறினான். தனியார் பஸ், டிரைவருக்குப் பின்னால் டிவி தொங்கியது. வண்டி நகர்ந்ததும் கண்டக்டர் பென்டிரைவைச் செருகினார்.

திரையில் ஓடு பிரிந்தது. ஒரு கால் உள்ளே இறங்கியது.

"பார்த்து இறங்குங்க" என்று டிவியில் பூவாத்தாள் சொல்வதற்கு முன்னாலேயே பஸ்ஸில் பாதிப்பேர் ஒட்டுக்கா சொன்னார்கள்.

தியேட்டரில் களவாக எடுத்த பிரிண்ட் அது. ஓரத்தில் எழுந்து வெளியே போகிறவர்களின் தலைகூடக் கறுப்பாகத் தெரிந்தது. அந்தத் தலைகளைப் பார்க்க முடியாமல் மோகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் காதை என்ன செய்வது? காலேஜ் பிள்ளைகள் சிரித்தார்கள். முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தோள் குலுங்கச் சிரித்தார். டிரைவர் ரோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல், வசனத்தைக் காதால் கேட்டே சிரித்தார்.

பக்கத்து சீட்டில் இருந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். மடியில் சாப்பாட்டுப் பை. அவர் மோகனைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க பொள்ளாச்சி வரைக்கும் போறீங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப எனக்கொரு ஒதவி செய்யோணும். என்ற பேரு குழந்தையம்மா. கிணத்துக்கடவு பக்கம் ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கறனுங்க. தெனமும் இந்த பஸ்தான். ரெண்டு வருசமா இந்தப் படத்த பாக்கறேன். கல்யாண மண்டபத்துல பந்தி ஆரம்பிக்குமுங்க, என்ற ஊரு வந்துரும். அதுக்கு மேல என்ன ஆகுதுன்னே தெரியாதுங்க. போன்ல தேடிப் பாத்தாலும் கெடைக்க மாட்டேங்குது. நீங்க முழுசாப் பாத்துட்டு, எப்பவாச்சும் இந்த பஸ்ல வந்தீங்கன்னா சொல்லுங்க."

"இது அவ்வளவு நல்ல படமுங்களா?" என்று கேட்டுவிட்டான் மோகன். கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்றிருந்தது.

குழந்தையம்மாள் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நல்ல படமான்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. கொரோனால எங்க ஊட்டுக்காரர் போயிட்டாருங்க. நான் வேல பாக்கற ஆஸ்பத்திரிலயே. அதுக்கப்பறம் வேலைக்குப் போவேன், வருவேன், அவ்வளவுதான். ஒருநாள் இந்த பஸ்ல, இந்தம்மா திருடனுக்குச் சக்கர எத்தன ஸ்பூன்னு கேட்டா பாருங்க, சத்தமாச் சிரிச்சுப்போட்டேன். பதறிப்போயி யாராவது பாத்தாங்களான்னு திரும்பினா, பஸ்ஸே சிரிச்சுட்டு இருக்குது. யாரும் என்னைப் பாக்கல. அன்னிக்கி ஊட்டுக்குப் போயி ரசம் வெச்சுச் சாப்பிட்டேனுங்க."

வண்டி ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் மோகன், "முடிவு எனக்குத் தெரியுமுங்க" என்றான். வெறுங்கையோடு நடக்கும் திருடர்களையும், பின்னால் ஓடி வரும் பூவாத்தாளையும், கடப்பாரையையும் சொன்னான். குழந்தையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கிணத்துக்கடவில் இறங்கும்போது, "நல்லா இருக்கோணும் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் கிளம்பியதும் கண்டக்டர் வந்து காலியான சீட்டில் உட்கார்ந்தார். சட்டையில் ரிஃபத் என்று பெயர் இருந்தது.

"அந்தம்மாகிட்ட என்னங்க தப்பாச் சொல்லி அனுப்பிட்டீங்க? நான் முழுப் படமும் பாத்தவன். கடப்பாரையெல்லாம் வராது. திருடன் அவங்க பையன்னு சொல்லி ஆளாளுக்கு அழுவாங்க. அதனாலதான் நான் பொள்ளாச்சி வரைக்கும்கூட ஓட்ட மாட்டேன். பந்தி முடிஞ்சதும் நிறுத்திட்டுப் பாட்டுப் போட்டுருவேன். அழுகறதுக்கு அவங்கவங்க ஊட்லயே ஆயிரம் இருக்குதுங்க."

"முதல்ல எழுதினது கடப்பாரைதாங்க. எடுத்தும் வெச்சிருக்குது. மாத்திட்டாங்க."

"அது உங்களுக்கெப்படித் தெரியும்?"

ஆறு வருஷமாகச் சொல்லாததை மோகன் சொன்னான். "நான் எடுத்த படமுங்க."

ரிஃபத் அவனை மேலும் கீழும் பார்த்தார். கம்பெனி சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, மடியில் பம்பு கேட்லாக். நம்புகிற மாதிரி எதுவும் இல்லை. படத்தில் பூவாத்தாள் போலீஸுக்குப் போன் செய்யும்போது எதிர்முனையில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு ஏட்டு பேசுவார். முகம் தெரியாது, குரல் மட்டும்தான்; அது மோகன் கொடுத்த குரல். மோகன் அந்தக் குரலில், "அம்மா, திருடனுக்குக் காப்பி குடுத்தா அது கேஸ் ஆகாதும்மா" என்றான்.

ரிஃபத் எழுந்து நின்றுவிட்டார். "அண்ணா, வண்டிய ஓரங்கட்டுங்க!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார். டிரைவர் ஓரங்கட்டவில்லை, ஆனால் ஹாரனை மூன்று தடவை அடித்தார்.

அன்று டீலர் கடையில் மோகன் என்ன பேசினான் என்பது அவனுக்கே நினைவில்லை. வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் நின்று சைத்ராவின் பழைய நம்பரைக் கூப்பிட்டான். மாற்றியிருப்பாள் என்றுதான் நினைத்தான். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"சைத்ரா, நான் மோகன்."

"தெரியுது. நம்பர் அழிக்கல."

மன்னிப்புக் கேட்பதற்கு அவன் ஒரு முன்னுரை யோசித்து வைத்திருந்தான். ஆனால் வாயில் வந்தது பஸ் கதைதான். முருங்கைக்காய்ப் பெரியவர், டிரைவர், குழந்தையம்மாள், ரசம் எல்லாவற்றையும் சொன்னான். மறுமுனையில் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தான்.

"இருக்கேன்" என்றாள் சைத்ரா. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஈரோட்ல துணிக்கடை விளம்பரத்துக்கெல்லாம் குரல் குடுத்துட்டு இருக்கேன் மோகா. ஆடித் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடின்னு ஒரு மாசமா. பூவாத்தாள நான் மட்டுந்தான் ஞாபகம் வெச்சிருக்கேன்னு நினைச்சேன்."

"அன்னிக்கி நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ரொம்பத் தப்பு."

"தப்புத்தான்" என்றாள் அவள். "அதச் சொல்றதுக்கு உனக்கு ஒரு பஸ் தேவைப்பட்டிருக்குது." பிறகு, "ரசாக்குக்குப் பேசு. அவன் எதையும் தூக்கிப் போட மாட்டான்" என்றாள்.

ரசாக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டு அலமாரியில் படத்தின் மொத்த ஹார்டு டிஸ்க்கும் துணி சுற்றி இருந்தது. கடப்பாரைக் காட்சியும் அதிலேயே இருந்தது. மோகன் ஒரே ஒரு காரியம்தான் செய்ய நினைத்தான்: குழந்தையம்மாள் இறங்குவதற்குள் படம் முடிய வேண்டும். உக்கடத்திலிருந்து கிணத்துக்கடவுக்குக் காலை நேரத்தில் நாற்பத்தைந்து நிமிஷம். ரெண்டேகால் மணி நேரப் படத்தை நாற்பது நிமிஷத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

நாலு ஞாயிற்றுக்கிழமை ரசாக்கும் அவனும் உட்கார்ந்து வெட்டினார்கள். தொலைந்த பையன் போனான். அழுகைப் பாட்டு போனது. அதோடு நிற்கவில்லை. மோகன் அன்றைக்கு ஆசையாக எழுதிய போலீஸ் ஸ்டேஷன் காட்சி பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. அதில் ஒரு சிரிப்பும் இல்லை. வெட்டினான். திருடர்களுக்குக் கனவு வருகிற இடத்தையும் வெட்டினான். வெளிவந்த சமயத்தில் ஒரு விமர்சகர், 'நாலு நிமிஷ ஜோக்கை ஜவ்வு மாதிரி இழுத்திருக்கிறார்கள்' என்று எழுதியதற்காக அவரை மனசுக்குள் எத்தனையோ தடவை திட்டியிருந்தான். "அந்தாளு சொன்னதுல பாதி சரிதான்டா" என்றான். ரசாக், "முக்கால்" என்றான். இரண்டு பேரும் அந்த ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் படத்தைப் பற்றிச் சிரித்தார்கள்.

ஆவணி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாளே ஈரோட்டிலிருந்து ரயிலில் வந்து மோகன் வீட்டில் தங்கியிருந்தாள் சைத்ரா. எட்டுப் பத்து பஸ்ஸில் பின் சீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ரிஃபத் புது பென்டிரைவைச் செருகும்போது, சட்டையில் பூ குத்திக்கொண்ட கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முகம் பூராவும் சிரிப்பாக இருந்தார். களவு பிரிண்ட் இல்லை என்பது முதல் காட்சியிலேயே ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது. "அட, பூவாத்தா சேலை பச்சைங்களா? இத்தன நாளு கறுப்புன்னு நெனச்சேன்" என்றார் யாரோ.

ஈச்சனாரியில் கூட்டம் ஏறியதில் வண்டியும், அதோடு டிவியும், ஆறு நிமிஷம் நின்றன. அதற்கு ஈடாக டிரைவர் பின்னால் வேகமெடுத்துவிட்டார். கிணத்துக்கடவு வந்தபோது திருடர்கள் இன்னும் மண்டபத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றது. இறங்க வேண்டியவர்கள் ஒன்பது பேர் எழுந்தார்கள். எழுந்தபடியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே ஏறுவதற்கு நின்றவர்கள், "ஏனுங்க, எறங்கறீங்களா இல்லீங்களா?" என்று சத்தம் போட்டார்கள். ரிஃபத் படியில் நின்று, "மூணே நிமிசமுங்க, நீங்களும் பாத்துட்டுப் போங்க" என்று அவர்களையும் எட்டிப் பார்க்க வைத்தார்.

விடிகாலைத் தெருவில் பூவாத்தாள் ஓடி வந்தாள். கடப்பாரையை ரெண்டு கையாலும் தாம்பாளம் மாதிரி நீட்டினாள்.

பஸ்ஸே சிரிப்பில் வெடித்தது. மோகன் இருபது வயசிலிருந்து அந்தச் சத்தத்துக்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தான். தியேட்டரில் ஒருநாளும் அது கேட்கவில்லை. சைத்ரா அவன் முழங்கையை வலிக்கும்படி பிடித்திருந்தாள்.

முடிவை முன்பே தெரிந்து வைத்திருந்த குழந்தையம்மாள் திரையைப் பார்க்காமல் திரும்பி, சிரிக்கிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் மோகனைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ரிஃபத் முந்திக்கொண்டு, "அம்மா, இவருதான் எடுத்தவரு. இதுதான் பூவாத்தா" என்று சைத்ராவைக் காட்டினார்.

ஜீன்ஸ் போட்டிருந்த அந்தப் பெண்ணைக் குழந்தையம்மாள் நம்பாமல் பார்த்தார். சைத்ரா எழுந்து நின்று கையைக் கூப்பினாள். "ஏனுங்க அம்மா, சாப்பிட்டீங்களா?" என்றாள். அதே குரல்.

குழந்தையம்மாள் சைத்ராவின் கன்னத்தை ஒரு கையால் தொட்டு, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நோயாளிக்குக் காய்ச்சல் பார்க்கிற கை. பிறகு சாப்பாட்டுப் பையை அவள் மடியில் வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று விறுவிறுவென்று இறங்கிப் போனார். சைத்ரா கூப்பிடக் கூப்பிட அவர் திரும்பவில்லை.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று பேரும் பையைத் திறந்தார்கள். தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. ஒரு ஆள் சாப்பாடு. பகிர்ந்துகொண்டார்கள். மோகன் ஒரு வாய் எடுத்துவிட்டு மெல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?" என்றான் ரசாக்.

"நல்லா இருக்குது" என்றான் மோகன். அவ்வளவுதான் அவனுக்குச் சொல்ல வந்தது.