அன்று சொன்ன ஓம்

"வாங்கோ அம்மா, நீங்கள் போட்டால்தான் பெட்டி மூடலாம்," என்று ஐயர் மறுபடியும் கூப்பிட்டார்.

கலாவதி கதிரையை விட்டு அசையவில்லை. வாய்க்கரிசியை இறுக்கிப் பிடித்த கை முந்தானைக்குள் கிடந்தது. தோர்ண்டன் ஹீத் இறுதிச்சடங்கு மண்டபத்துக்கு வெளியே அடுத்த சவத்தின் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். பெட்டிக்குள் அவளுடைய ஒரே மகன் சிவதர்ஷன், கோர்ட்டுக்குப் போன அதே நீல சூட்டில்.

கணவர் சற்குணம் அவளிடம் போவதற்குள் சபாரத்தினம் அண்ணை அவர் தோளைப் பிடித்தார்.

"என்ன செய்யிறது தம்பி? ஆனாலும் அந்த ஜட்ஜ் தங்கமான மனிசன். ஹெரோயினோட பிடிபட்டவனை ஆர் வீட்டுக்கு விடுவான்? மறியலுக்கை கிடந்து சாகாமல், தாய் தேப்பனோட இருந்து போயிருக்கிறான்."

கலாவதியின் தலை இன்னும் குனிந்தது.

அன்று ஜட்ஜுக்கு இரண்டு வழியும் இருந்தன. சிறைக்கு அனுப்பலாம், இல்லையென்றால் தண்டனையை நிறுத்திவைத்து, போதையை விடுவிக்கும் சிகிச்சைக்குப் போகச் சொல்லி வீட்டுக்கு விடலாம். தீர்ப்புக்கு முன், மகனை வீட்டில் வைத்திருப்பீர்களா என்று கேட்க கோர்ட் அனுப்பிய புரொபேஷன் அதிகாரி வந்தாள். "உள்ளுக்கை இருந்தாலாவது உயிரோட இருப்பான்," என்று அன்று காலையும் சற்குணம் மனைவியோடு சண்டை பிடித்திருந்தார். அதிகாரி கேட்டபோது அவர் யன்னலைப் பார்த்தார். கலாவதி அவர் தொடையில் கிள்ளினாள்.

"ஓம்," என்றார்.

ஆமென்பது தமிழில்தான் வந்தது. எத்தனையோ தமிழ் வீடு கண்ட அதிகாரி விளங்கிக்கொண்டாள்.

மகன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் முடியவில்லை. குளியலறைக் கதவை அவர்தான் தோளால் இடித்துத் திறந்தார்; உள்ளே மகன் ஊசியோடு கிடந்தான். அதற்குப் பிறகு புருஷனும் பெண்சாதியும் அந்தக் கிள்ளலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னால்தான் என அவர் சொல்லிவிடுவார் என்று அவள் ஒவ்வொரு நாளும் காத்திருந்தாள். அது அவருக்கும் தெரியும்.

இப்போது பக்கத்தில் வந்து நின்றவரை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான்தானே உங்களை ஓம் எண்டு சொல்ல வைச்சனான். இந்தக் கையாலயே வாய்க்கரிசியும் போடட்டோ?"

அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சற்குணம் இத்தனை நாளும் பல்லுக்குள் வைத்திருந்தார். இப்போது அதைத் தேடினார், அது அங்கே இல்லை.

"கிள்ளினது நீ. சொன்னது நான்," என்றார். "எழும்பு."

அவளைக் கைத்தாங்கலாகப் பெட்டியடிக்குக் கூட்டிவந்து விரல்களைப் பிரித்தார். வியர்வையில் ஒட்டிய அரிசி விழவில்லை. கையைக் கவிழ்த்துப் பார்த்தாள். அப்போதும் விழவில்லை.

சற்குணம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மணியாக உள்ளங்கையிலிருந்து கிளப்பி அவள் விரல் நுனியில் வைக்கத் தொடங்கினார்.